நாத்தனாரின் முதுகு

என் நாத்தனாரை எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் "கதவு". அவ்வளவு அகலமான முதுகு. அவர் பின்சக்கரத்தை ஒட்டி நம் சைக்கிளை வைத்துக்கொண்டால் எதிர்க்காற்று நம்மேல் படாது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தது போல இருக்கும். இந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தால் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஜன்னல்னு வெச்சிருந்தா உள்ள இருக்கிறதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்தார்.

என் கணவருக்கு அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை. அந்த அறைக்குள் ஒருமுறை போனால் மறக்காது. சுவரோரம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் நீராவி கக்கும் இஸ்திரி உருளை, மூலையில் மலை மலையாகப் படுக்கை விரிப்புகள். உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து மடிக்க வேண்டும். அக்கா எதிரில் நிற்பவளைப் பார்க்கவே மாட்டார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு மடிப்பார். திடீரென்று, "தலை சுத்துதா? போய் உக்காரு" என்பார். எதிரில் இருப்பவள் திருதிருவென்று விழிப்பாள். அவள் கையின் பலம் குறைந்தது துணி வழியாகவே இவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்டவர் வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு மலையேற்ற சைக்கிள் பந்தயத்துக்குப் போவார். நான்கு நாள், நாளுக்கு ஒரு மலை. அணிக்கு நான்கு பேர். ஒவ்வொரு மலையின் உச்சியிலும் சாலையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். சாயங்காலம் நேரம் முடிந்ததும் அங்கே நிற்கும் ஆள் சாலைக்குக் குறுக்கே கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவார். அதற்குள் நால்வரும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்று பேர் தாண்டி ஒருத்தி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் மொத்த அணியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கதவு இந்தப் பந்தயத்தை ஒரு தடவைகூட முடித்ததில்லை. பலம் இல்லாமல் இல்லை. தனியாக விட்டால் சாயங்கால டீக்கு முன்பே உச்சியில் இருப்பார். ஆனால் அணிக்கு ஆள் சேர்க்கும் லட்சணம் அப்படி. புதுசாகச் சைக்கிள் வாங்கியவள், பிள்ளை பெற்று உடம்பு தேற ஓட்ட ஆரம்பித்தவள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார். எவளாவது ஒருத்தி ஏதாவது ஒரு மலையில் உட்கார்ந்துவிடுவாள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். கயிறு விழுந்துவிடும். மறுவருடம் அதே பெண் தேறி, வேறொரு நல்ல அணியில் சேர்ந்து, பதக்கம் வாங்கி, அதை இவரிடமே கொண்டுவந்து காட்டுவாள். இவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் அந்த எரிச்சலுக்கு ஒரு காரணமும் சேர்ந்தது. பந்தயத்துக்கு வயது வரம்பு உண்டு. அதற்கு அடுத்த வருடம் அக்கா அதைத் தாண்டிவிடுவார். அதனால் அதுதான் கடைசி. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நாலாம் மலையோட கோட்டைத் தாண்டிப் பாத்துடணும்" என்று எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அது மனதில் பதிந்துவிட்டது.

சரி, இந்த முறையாவது உருப்படியான ஆட்களைச் சேர்ப்பார் என்று பார்த்தால், பாதி உருப்படி. ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அளந்து சாப்பிட்டு அளந்து ஓட்டுவாள். இன்னொருத்தி மருந்துக்கடையில் வேலை செய்பவள். ஒல்லிக்குச்சி, மலையைக் கண்டால் விர்ரென்று ஏறுவாள், வாய் ஓயாமல் ஏதோ பாட்டை ரீங்காரம் போடுவாள், அதனால் "கொசு". நாலாவது ஆளாக அவர் கேட்டது என்னை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. பஸ் நெரிசலுக்குப் பயந்து சைக்கிளில் வேலைக்குப் போவேன், அவ்வளவுதான் என் வீரம்.

"விளையாடுறீங்களா? உங்க கடைசி வருஷத்தை நான் கெடுக்கவா?" என்றேன்.

"நீ பாதியில விடுற ஆள் இல்லம்மா. என் தம்பியோட குடும்பம் நடத்துறியே, அதுவே பெரிய மலை" என்றார்.

விஷயத்தைக் கேட்டு என் அம்மா போனிலேயே தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "நாத்தனார் மூஞ்சியைப் பாத்துக் குடும்பம் நடத்துறதே கஷ்டம். நீ நாலு நாள் அவ முதுகைப் பாத்துக்கிட்டு மலை ஏறப் போறியா?"

பல மாதம் பயிற்சி. அப்போதுதான் அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் புரிந்தது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். தலை திரும்பினால் கை திரும்பும், கை திரும்பினால் சக்கரம் திரும்பும், ஒட்டிக்கொண்டு வருகிறவள் பல்லை உடைத்துக்கொள்வாள். அதனால் அவர் காதால்தான் பார்ப்பார். டீச்சரின் மூச்சு ஒரே சீராக வரும். கொசுவுக்குப் பாட்டு. எனக்குக் கொஞ்சம் ஏற்றம் வந்தாலே மூக்கில் விசில் அடிக்கும். முதல் வாரமே எனக்கு "குக்கர்" என்று பெயர் வைத்துவிட்டார். விசில் அவசரமாக வந்தால் வேகத்தைக் குறைப்பார், நிதானமாக வந்தால் கூட்டுவார். நான் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. அவரோ முன்னால் பேசிக்கொண்டே போவார். ஆஸ்பத்திரிக் கதை, சொந்தக்காரர் கதை, விட்டுப்போன சீரியல் கதை. எவ்வளவு செங்குத்தான ஏற்றமானாலும் அந்தப் பேச்சு நிற்காது.

முதல் மூன்று மலைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை பெய்தது, கால் மரத்தது, இரண்டாம் நாள் நான் வாந்தி எடுத்தேன், மூன்றாம் நாள் டீச்சர் சைக்கிளோடு சேற்றில் விழுந்து முதல்முறையாகக் கெட்ட வார்த்தை பேசினாள். ஆனாலும் மூன்று நாளும் கயிறு விழும் முன்பே நால்வரும் கோட்டைத் தாண்டினோம். கயிற்றுக்காரருக்கு அக்காவைப் பல வருடமாகத் தெரியும். மூன்றாம் நாள், "என்ன கதவு, இந்த வருஷம் தப்பி வந்துட்டே இருக்கியே" என்றார். அக்கா அவசரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். நாலாம் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண் பட்டுவிடும் என்று பயந்தார் என்றே நினைக்கிறேன்.

நாலாம் மலை செங்குத்து இல்லை. நீண்டு கிடக்கும் மொட்டை மலை. மரம் கிடையாது, பாறை மறைவு கிடையாது, எதிர்க்காற்று மட்டும் வஞ்சனை இல்லாமல் அடிக்கும். அன்று பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. பாதி மலையில் அக்கா டீச்சரையும் கொசுவையும் முன்னால் அனுப்பினார். மேலே கடைசித் தண்ணீர்ப் பந்தலில் அவர்கள் எங்கள் பாட்டில்களை நிரப்பி வைத்துக் காத்திருப்பார்கள், நாங்கள் நிற்காமல் வாங்கிக்கொண்டு போகலாம் என்பது திட்டம். அக்கா முன்னால், நான் பின்னால், எங்களைச் சுற்றி வெள்ளை இருட்டு.

அப்போதுதான் என் சங்கிலி கழன்றது. பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. இறங்கி நின்று, "அக்கா" என்று கத்தினேன். என் குரலைக் காற்று வாயிலிருந்தே பிடுங்கிப் பின்பக்கம் எறிந்துவிட்டது. அவர் முதுகு பனிக்குள் போய் மறைந்தது.

வருவார் என்று நின்றேன். வரவில்லை. விரல்கள் விறைத்துப்போய், சங்கிலியை இழுத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுபடி ஏறி மிதித்தேன். கதவு இல்லாமல் அந்தக் காற்றில் மிதிப்பது என்னவென்று அன்றுதான் தெரிந்தது. மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடந்துகொண்டே அவரையும், அவர் தம்பியையும், அவர்கள் பரம்பரையில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரையும் சத்தமாகத் திட்டினேன். கேட்க ஆளில்லாததால் தாராளமாகவே திட்டினேன்.

மேலே நடந்ததெல்லாம் பிறகு அக்காவும் டீச்சரும் சொல்லித் தெரிந்தது. நான் நின்றதும் அக்காவின் காதில் விசில் நின்றுவிட்டது. உடனே வேகத்தைக் குறைத்திருக்கிறார். சற்று நேரத்தில் விசில் மறுபடி கேட்டது. சரி, குக்கர் வந்துவிட்டாள் என்று மிதித்திருக்கிறார். வந்தது நான் இல்லை. வேறொரு அணியில் பின்தங்கிப்போன ஒரு பெண். பனியில் ஓரமாக நின்றிருந்தவள், அக்கா தாண்டியதும் பின்னால் ஒட்டிக்கொண்டாள். அவளுக்குச் சளிப் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. அந்தக் காற்றில் மற்ற சத்தமெல்லாம் அடிபட்டுப்போய் விசில் மட்டும்தான் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா அவளை இழுத்துக்கொண்டு மலை ஏறினார், பேசிக்கொண்டே. "பயப்படாதே, இந்த வளைவு தாண்டினா கொஞ்சம் லேசா இருக்கும். உன் வீட்டுக்காரன் சின்ன வயசுல இருட்டுல பாத்ரூம் போகவே மாட்டான், நான்தான் வாசல்ல நின்னு பாட்டு பாடணும், தெரியுமா?" என் கணவரின் மானம் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போனது இப்படித்தான்.

தண்ணீர்ப் பந்தலில் டீச்சர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா, குக்கர் எங்க?"

"பின்னாலதான் வர்றா."

"பின்னால வர்றது யாரு?"

அக்கா காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பெண் ஒருத்தி சைக்கிளோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். "மன்னிச்சுக்குங்க. நான் வேற ஆள்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றாள்.

கொசு அடிக்கவே போய்விட்டாளாம். நானாக இருந்தால் அடித்திருப்பேன். அக்கா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் இல்ல. மூக்கைச் சிந்திட்டுப் போ. உங்க ஆளுங்க மேல காத்துட்டு இருப்பாங்க" என்று ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பிறகு சைக்கிளைக் கீழ்ப்பக்கம் திருப்பினார்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அக்கா, கீழ போயிட்டு அவளைக் கூட்டிக்கிட்டு மறுபடி ஏற நேரம் பத்தாது. அவளே வந்துடுவா, இங்கயே நிப்போம்."

"இந்தக் காத்துல அவ தனியா வர மாட்டா."

"அப்ப நான் போறேன், நான்தான் லேசு" என்றாள் கொசு.

"நீ முன்னால போனா நூலுக்குப் பின்னால ஒளிஞ்ச மாதிரிதான். நீங்க ரெண்டு பேரும் போய்க் கோட்டைத் தாண்டுங்க."

"கணக்குப்படி முடியாதுக்கா" என்றாள் டீச்சர். அழுகிற குரலில் சொன்னாளாம்.

"நீ கணக்குப் போட்டுக்கிட்டு இரு. நான் போயிட்டு வந்துடறேன்."

பந்தயத்தில் எதிர்ப்பக்கம் இறங்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஏறின மலையை ஒருத்தி திரும்ப இறங்குவாள் என்று விதி எழுதினவர்களுக்குத் தோன்றியே இருக்காது.

கீழே நான் திட்டிக்கொண்டே அக்காவின் பெரியப்பா வரைக்கும் வந்திருந்தேன். பனிக்குள்ளிருந்து பிரேக் கிறீச்சிட ஒரு பெரிய உருவம் கீழே இறங்கி வந்தது.

"வந்துட்டேம்மா."

"எதுக்கு வந்தீங்க? ஒரு மனுஷி இருக்காளா செத்தாளான்னு கூடப் பாக்காம அப்படியே போயாச்சு. இப்ப எதுக்கு?"

"தப்பு என்னோடதுதான். வேற ஒருத்தியை நீன்னு நெனச்சு இழுத்துட்டுப் போயிட்டேன்."

"வேற ஒருத்தியையா?"

"அவளுக்கும் மூக்கு விசிலடிக்குதும்மா" என்றார். முகம் அவ்வளவு வாடியிருந்தது. "மிச்சத்தை மேல போய்த் திட்டு. இப்ப ஏறு."

ஏறினேன். கதவு சாத்திக்கொண்டது போலக் காற்று நின்றது. ஒரே நிமிடத்தில் கால் சுழல ஆரம்பித்துவிட்டது. அவர் ஏறி முடித்த அதே சாலை, அதே காற்று, அதே வளைவு. இரண்டாம் தடவை ஏறுகிறார் என்பதற்கு அவர் முதுகில் ஓர் அடையாளமும் இல்லை. பேச்சுகூட நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்ன கதையை எனக்கு முதலிலிருந்து சொன்னார். தண்ணீர்ப் பந்தலில் யாரும் இல்லை, பாட்டில்கள் மட்டும் ஒரு கல்லின் மேல் இருந்தன. நிற்காமல் எடுத்துக்கொண்டு போனோம்.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேச்சு நின்றது. கதை நடுவில், வாக்கியம் நடுவில் நின்றது. என் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் இடிக்கப் பார்த்தது. நான் வேகம் கூட்டவில்லை, அவர் வேகம்தான் குறைந்துகொண்டிருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல."

அவர் கைப்பிடி இடமும் வலமும் ஆடியது. தீர்ந்துபோயிருந்தார். இத்தனை வருடமும் ஒவ்வொருத்திக்காகவும் பாதி மலையில் உட்கார்ந்தவர் இப்போது எனக்காக உட்காரப் போகிறார், அதுவும் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில். அது நடக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்தது. பக்கவாட்டில் விலகி, அவரைத் தாண்டி முன்னால் போனேன்.

"என்ன பண்றே? காத்து அடிக்கும்மா."

"அடிக்கட்டும். பின்னால வாங்க."

"உனக்குத் தாங்காது."

"சும்மா வாங்கக்கா. நானும் ஒண்ணும் கொடி இல்ல, என் பின்னால ஒளியலாம்."

காற்று கன்னத்தில் அறைந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. காதைப் பின்னால் வைத்தேன். காற்று ஓய்கிற சந்துகளில் அவர் மூச்சு கேட்டது. ரம்பம் அறுப்பது போன்ற மூச்சு. பல மாதம் அவரோடு ஓட்டியும் நான் அதைக் கேட்டதே இல்லை. முன்னால் இருக்கும்போது பேச்சைப் போட்டு மூடிவிடுவார். இவருக்கும் மூச்சு வாங்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. அந்த ரம்பம் வேகமாக அறுத்தால் நான் குறைத்தேன், நிதானமானால் கூட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான், அவர் செய்ததைப் பார்த்துச் செய்தேன். அழுதுகொண்டும் இருந்தேன். காற்றில் அது உடனுக்குடன் காய்ந்துவிட்டது.

பனியில் கோடு தெரியவில்லை. முதலில் கொசுவின் குரல்தான் கேட்டது, பிறகு டீச்சர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு குதிப்பது தெரிந்தது. கயிற்றுக்காரர் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்து நின்றார். அவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் புகுந்து போனேன். ரம்பம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. பிரேக்கைப் பிடிக்கவே மறந்து நான் போய்க்கொண்டிருந்தேன், அக்காவும் வந்துகொண்டிருந்தார். பார்வை முழுக்க என் பின்சக்கரத்தில்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா. தாண்டியாச்சு."

"எதை?"

"கோட்டை. ரெண்டு பேருமே தாண்டியாச்சு."

காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். கயிற்றுக்காரர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் சாலையும் பனியும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தன. "என்ன கதவு, இன்னிக்கு இந்தப் பக்கமா நிக்கிறே" என்றார் அவர். அக்கா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சாலையிலேயே உட்கார்ந்தார். டீச்சரும் கொசுவும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரமா காத்தே தெரியலம்மா" என்றார். "நின்னுடுச்சோன்னு பாத்தேன். நிக்கல, உன் மேல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. முன்னால ஒரு ஆள் போனா இப்படித்தான் இருக்குமா?"

"ஆமாக்கா. எங்களுக்கு எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, உதடு கோணி அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு சுகமா இருக்கும்னு இத்தனை வருஷத்துல ஒருத்தியாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.